நாற்பது நட்சத்திரங்கள், ஒரு புதுக் கை

என் நட்சத்திரத்தில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்பது சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. ஊரெல்லாம் சொன்னது நானில்லை, என் அண்ணி. சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையில் அவருக்கு வேலை. பழைய நகையை மாற்ற வருகிறவர்களின் வளையலையும் சங்கிலியையும் ஒரு சின்ன இயந்திரத்துக்குள் வைத்து, அதில் தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இயந்திரம் முடிவைக் காட்ட அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு யுகமாக இருக்கும் என்பதால், அண்ணி எதையாவது பேசி அவர்களை ஆற்றுப்படுத்துவார். அப்படித்தான் நான் அந்தக் கடைப் பேச்சில் நுழைந்தேன்.

"எங்க வீட்டுல என் நாத்தனார் இருக்கா. ஸ்டார்ல எவ்வளவு தங்கம் இருக்குன்னு இங்க உக்காந்தே டெஸ்ட் பண்ணிடுவா லா."

அந்த நாத்தனார் நான்தான். திருச்சியில் படித்து முடித்து, இந்தத் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்ய வந்தவள். நட்சத்திரங்களுக்குள் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பது என் வேலை. கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் அண்ணன் எனக்குப் பல வருஷம் முன்பே இங்கே வந்து, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அண்ணியைக் கட்டிக்கொண்டு, தோ பாயோவில் வீடும் வாங்கியிருந்தான். அந்த வீட்டின் சின்ன அறையில் என் வாசம்.

வேலையைச் சொன்னதும் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். சிங்கப்பூர்ல ஏது நட்சத்திரம்? நியாயமான கேள்விதான். மேகம் விலகினால் விளக்கு வெளிச்சம் மறைக்கும், விளக்கை அணைக்க யாரும் தயாராக இல்லை. ஆனால் எங்கள் தொலைநோக்கி இருப்பது சிலி நாட்டு மலைமேல். அது பூமிக்கு அந்தப் பக்கம். அங்கே இருட்டத் தொடங்கும்போது இங்கே காலைத் தோசை முடிந்திருக்கும். ரயிலேறி வேலைக்குப் போய், இணையம் வழியாக அந்தத் தொலைநோக்கியோடு சேர்ந்துகொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு நடுவே நட்சத்திரம் பார்ப்பேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். வானியல் படித்தால் தூக்கம் கெடும் என்று பயமுறுத்திய என் அம்மாவுக்கு இது ஒன்றில்தான் நிம்மதி.

வெளிச்சத்தைப் பிரித்தால் வானவில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். நட்சத்திரத்தின் வானவில்லை இன்னும் நன்றாக இழுத்து நீட்டினால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். நட்சத்திரத்தின் மேற்பரப்பில் இருக்கும் அணுக்கள் தமக்குப் பிடித்த நிறத்தை மட்டும் விழுங்கிவிட்ட இடங்கள் அவை. இரும்புக்குச் சில இடங்கள், கால்சியத்துக்குச் சில இடங்கள். கோடு ஆழமாக இருந்தால் அந்தத் தனிமம் அதிகம். இதை முதன்முதலில் கேட்ட நாளிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஒளியைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை, ஒரு வெள்ளி நாணயம் அளவுக்கு வெட்டி, பஸ் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். எந்த விளக்கைப் பார்த்தாலும் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தாக வேண்டும். தீபாவளிக்குச் சிராங்கூன் ரோட்டில் போடும் அலங்கார வளைவு, கோயில் வாசல் விளக்கு, காப்பிக்கடை டியூப்லைட் எதையும் விடமாட்டேன். நகைக்கடை விளக்குகளில் சிவப்பும் மஞ்சளும் தூக்கலாக இருக்கும் என்று கண்டுபிடித்து அண்ணியிடம் சொன்னபோது, "இதை கஸ்டமர்கிட்ட சொல்லிடாதே, தாயே" என்றார்.

அண்ணிக்கும் கேள்வி கேட்கும் நோய் உண்டு. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது. எங்கள் துறையில் ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டைத் தவிர மீதி எல்லாவற்றையும் உலோகம் என்போம். ஆக்சிஜன் கூட உலோகம்தான் என்றதும் அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆக்சிஜன் மெட்டலா? எங்க கடைப் பக்கம் வந்து இதைப் பேசினே, என் வேலை போயிடும்."

ஏன் அப்படி என்று விடாமல் கேட்டார். சொன்னேன். ஆதியில் அந்த இரண்டைத் தவிர ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மற்றதையெல்லாம் நட்சத்திரங்கள்தான் தமக்குள்ளும் தமது சாவிலும் சமைத்தன. ஒரு தலைமுறை சமைத்ததைச் சுற்றிலும் இறைத்துவிட்டுப் போகும், அடுத்த தலைமுறை அதை அள்ளிக்கொண்டு பிறக்கும். அதனால் இரும்பு குறைவாக இருக்கும் நட்சத்திரம் பெரும்பாலும் பழையது. இரும்பு அடிக்கடி சமைக்கப்படும் சரக்கு. தங்கம் அப்படியல்ல. செத்துப்போன இரண்டு நட்சத்திரங்களின் மிச்சங்கள் ஒன்றோடொன்று மோதுவது போன்ற அபூர்வமான விபத்துகளில்தான் அது உண்டாகிறது. நட்சத்திரத்தில் தங்கத்தின் கோடுகளைத் தரையிலிருந்து பார்ப்பது கஷ்டம், காற்று மண்டலம் மறைத்துவிடும். ஆகவே தங்கத்தோடு ஒரே அடுப்பில் வெந்த யூரோப்பியம் என்ற தனிமத்தைத் தேடுவோம். அது நிறைய இருந்தால் தங்கமும் நிறைய இருக்கும்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். நம் பால்வீதி இளமையாக இருந்த காலத்தில் இந்த அபூர்வச் சரக்கு எல்லா இடத்துக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்ததா, இல்லை, பாயசத்து முந்திரிபோல ஒரு டம்ளரில் நாலும் இன்னொரு டம்ளரில் ஒன்றுமில்லாமலும் விழுந்ததா? அதற்காக நாற்பது பழைய நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாதிரி. முப்பத்தொன்பதில் யூரோப்பியம் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்றில் மட்டும் எக்கச்சக்கம்.

அதற்குப் பெயர் கிடையாது, அட்டவணையில் ஒரு நீள எண்தான். அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4417. நான் வீட்டில் அதையே ஓதிக்கொண்டிருந்ததில் அண்ணனுக்கு அது மனப்பாடமாகி, நாலு நம்பர் லாட்டரியில் ஒரு தடவை அந்த எண்ணைக் கட்டிவிட்டு வந்தான். விழவில்லை. "உன் ஸ்டாருக்கு லக் இல்ல" என்று அவன் சொன்னதற்கு இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் வீட்டில் ஊரறிந்த சங்கதி.

4417 எனக்கு வெறும் நட்சத்திரமல்ல. என் ஒப்பந்தம் அந்த வருஷக் கடைசியில் முடிய இருந்தது. எங்கள் குழுத் தலைவர் அதிர்ந்து பேசாத மனிதர். அவர் என்னைக் கூப்பிட்டு, அந்த நட்சத்திரத்தைக் காட்டித்தான் எனக்கு இன்னும் மூன்று வருஷம் கேட்கப்போவதாகச் சொன்னார். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் நான் அதைப் பற்றிப் பேசவும் ஏற்பாடாகியிருந்தது. கிடைத்தால் இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எனக்குப் போக மனமில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் அண்ணியோடு சண்டை போட்டுக்கொண்டே காப்பி குடிக்கும் அந்த மேஜையை விட்டுப்போக எனக்கு மனமில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, கடை திறக்கும் முன்பே அண்ணியோடு போனேன். இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று மாதக்கணக்காக நச்சரித்து, அன்றுதான் அனுமதி கிடைத்தது. பார்த்தால் அது எங்கள் வேலைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. நகையின்மேல் எக்ஸ்ரேயை அடிக்கும், நகையில் இருக்கும் அணுக்கள் தமக்குரிய ஒளியைத் திருப்பிக் கொடுக்கும், எது எவ்வளவு என்று இயந்திரம் பிரித்துப் படிக்கும். அண்ணி முதலில் சுத்தம் இவ்வளவு என்று முத்திரை குத்திய ஒரு தகட்டை வைத்து, அந்த எண்ணே வருகிறதா என்று பார்த்தார். தினமும் அதுதான் முதல் வேலையாம். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். கடைக்கு வந்த பழைய மோதிரங்களும் வளையல்களும் சிவப்பு நூல் கட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி சோதித்தார்.

"இதெல்லாம் எதுக்கு அண்ணி? ஏற்கெனவே பார்த்த நகைதானே?"

"புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா. அவ முதல் மாசம் டெஸ்ட் பண்ணதை எல்லாம் நாங்க திரும்பப் பண்ணுவோம். யார் புதுசா வந்தாலும் அப்படித்தான். நான் வந்தப்போ எனக்கும் பண்ணாங்க."

"மெஷின்தானே அளக்குது. ஆள் புதுசானா என்ன?"

"மெஷின் பழசு, கை புதுசு இல்ல? பொடி வச்சுப் பத்தவச்ச ஒட்டுல வேற உலோகம் கலந்திருக்கும், அங்க வச்சா ஒரு நம்பர் வரும், கொஞ்சம் தள்ளி வச்சா ஒரு நம்பர் வரும். எங்க வைக்கணும்னு கைக்குப் பழகணும்லா."

நான் அதை வியந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி ஒரு வளையலைத் திருப்பி வைத்துவிட்டு, மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

"உன்னோட நாலு நாலு ஒண்ணு ஏழு, அதை எப்போ டெஸ்ட் பண்ணே?"

"இங்க வந்த முதல் மாசம். அதான் என் முதல் ஸ்டார்."

"அப்புறம் திரும்பப் பண்ணியாச்சுதானே?"

எனக்குச் சுருக்கென்றது. தொலைநோக்கியைப் பற்றி, நாங்கள் கழிக்கும் பிழைகளைப் பற்றி, 4417 பற்றி நான் எழுதி, மூன்று நிபுணர்கள் படித்துப் பார்த்து வெளியான கட்டுரையைப் பற்றிப் படபடவென்று பொரிந்து தள்ளினேன். "அண்ணி, இது வளையல் இல்ல" என்று முடித்தேன். அண்ணி திரையைப் பார்த்துக்கொண்டே, "நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றார். அவர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த புட்டைக்கூடச் சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் தோ பாயோ வந்து சேரும்வரை அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிய கையோடு மடிக்கணினியைத் திறந்தேன். திட்டினால் மட்டும் சந்தேகம் போய்விடுமா?

மூன்று வருஷத்துக்கு முன் நான் அளந்த 4417-இன் படம் அப்படியே இருந்தது. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை வரைந்த படம் அது, கறுப்புக் கோடு ஒவ்வொன்றும் அதில் ஒரு பள்ளம். கோட்டின் ஆழத்தை அளக்க, எங்கிருந்து அளக்கிறோம் என்பது தெரிய வேண்டும். கோடே இல்லாதிருந்தால் வெளிச்சம் எந்த மட்டத்தில் இருந்திருக்கும் என்று மேலே ஒரு மட்டக்கோடு இழுத்து, அதிலிருந்து கீழே அளப்போம். பெரும்பாலும் கணினியே இழுத்துவிடும். யூரோப்பியம் இருக்கும் ஊதாப் பக்கத்தில் கோடுகள் நெரிசல், அங்கே கணினியை நம்பாமல் கையால் இழுப்பது எங்கள் வழக்கம். மங்கலான நட்சத்திரம் என்றால் அந்த மட்டம் வழவழப்பாக இருக்காது, சலசலவென்று மேலும் கீழும் ஆடும். அலையடிக்கும் தொட்டியில் நீர்மட்டத்தை அலையின் உச்சியில் வைத்தா பார்ப்போம்? நடுவில்தான் பார்க்க வேண்டும். முதல் மாதத்து நான் உச்சிகளைத் தொட்டுத் தொட்டு இழுத்திருந்தேன்.

அடுத்தடுத்த நட்சத்திரங்களின் படங்களைத் திறந்தேன். ஐந்தாவதில் என் மட்டக்கோடு கொஞ்சம் இறங்கியிருந்தது. பத்தாவதில் சரியாக நடுவில் போனது. யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் திருத்தவுமில்லை. கை தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறது, எனக்கே தெரியாமல். மட்டத்தை மேலே தூக்கினால் எல்லாக் கோடுகளும் ஆழமாகத் தெரியும். இரும்பின் பெரிய கோடுகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. யூரோப்பியத்தின் சின்னக் கோட்டுக்கு அது பெரிய வித்தியாசம். அந்த நாற்பதில் மிக மங்கலானதும் 4417தான், அதில்தான் அலை அதிகம்.

உடனே திரும்ப அளந்தேன். முதல் தடவை எண் கொஞ்சம்தான் இறங்கியது. நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததாலேயே சந்தேகம் வந்து இரண்டாம் தடவை அளந்தேன், தரைமட்டத்துக்கு விழுந்தது. மூன்றாம் தடவை இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஆசைப்பட்டபோது ஒன்று, பயந்தபோது ஒன்று, களைத்தபோது ஒன்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எது 4417 என்று தெரிந்திருக்கும்வரை என் கை நேராகப் போகாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்று ஒரு யோசனை வராமல் இல்லை. கட்டுரையை மூன்று பேர் படித்து ஒப்புக்கொண்டாயிற்று. பழைய படத்தை என்னைத் தவிர யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. என்னை மாற்றியது நல்லெண்ணம் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். அதில் உண்மையிலேயே எவ்வளவுதான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்த அரிப்பு எதையும் விட மோசமானது.

மறுநாள் அண்ணிக்கு விடுமுறை. தேக்கா மார்க்கெட்டுக்குப் போக, சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நீங்க சொன்னது சரிதான் அண்ணி."

"நான்தான் ஒண்ணும் சொல்லலையே."

"எனக்கு ஒரு உதவி வேணும். நாற்பது ஃபைல் இருக்கு. எல்லாத்துக்கும் நீங்க வேற பேர் வச்சுடுங்க. எது எதுன்னு எனக்குத் தெரியக்கூடாது. லிஸ்ட் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் தராதீங்க, அழுதாலும் தராதீங்க."

கடையில் சரக்குக் கணக்கைக் கணினியில் பார்க்கிறவர் என்பதால் அதெல்லாம் அவருக்கு ஊதித்தள்ளும் வேலை. என்ன பேர் வைப்பது என்று கேட்டார். எதையாவது வையுங்கள் என்றேன். கையில் இருந்த சாமான் பட்டியலைப் பார்த்தார். வெண்டைக்காயில் தொடங்கினார். காய்கள் இருபத்தைந்தோடு தீர்ந்துபோக, கீரைக்குப் போய், அங்கிருந்து மீனுக்குப் போனார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். வெளியே அவர் தனக்குத்தானே, "திருக்கை போட்டாச்சு, அடுத்து என்ன" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. இரண்டு மணி நேரம் கழித்து வந்து, முடிந்தது என்றார். பட்டியல் அவருடைய கைப்பைக்குள் போனது. அந்தக் கைப்பை ஒரு வாரத்துக்கு அவர் தோளைவிட்டு இறங்கவில்லை.

ஐந்து நாள் அளந்தேன். வேலையிடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி. அலைகளின் நடுவே கோட்டை இழுப்பேன், ஆழத்தைக் குறிப்பேன், அடுத்ததைத் திறப்பேன். பாகற்காயில் இரும்பு குறைவு. அரைக்கீரையில் கால்சியம் கொஞ்சம் தூக்கல். ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன் பிறந்தவற்றைச் சாம்பார் சாமானாக்கி வைத்திருந்தார் அண்ணி. நாலாம் நாள் தெங்கிரி மீனைத் திறந்தபோது, இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. எல்லாம் ஒரே வகை நட்சத்திரங்கள், முகச்சாயல் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு நாள் காலையும் அண்ணி காப்பியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். எந்த ஊகத்தையும் சொல்லக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம், அதனால் மழையைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாப் புள்ளிகளையும் ஒரே படத்தில் போட்டேன். ஒரு புள்ளிகூடத் தனியாக நிற்கவில்லை. அதற்குமேல் பட்டியல் தேவையில்லை, பதில் அங்கேயே இருந்தது. இருந்தாலும் அண்ணி வேலையிலிருந்து வந்து கைகால் கழுவும்வரை காத்திருந்தேன். அவர் பைக்குள்ளிருந்து தாளை எடுத்தார்.

"நாலு நாலு ஒண்ணு ஏழு எது அண்ணி?"

தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "புடலங்காய்" என்றார்.

புடலங்காய் கூட்டத்தின் நட்டநடுவில் இருந்தது. மற்ற முப்பத்தொன்பது எப்படியோ அதுவும் அப்படியே. அதில் தங்கம் கொட்டிக் கிடக்கவில்லை. மற்றவற்றில் முதலில் அளந்த சிலவும் பிரகாசமானவை, அலை குறைவு, மீதியெல்லாம் பழகிய கையால் அளந்தவை; மங்கலான அது ஒன்றுதான் என் புதுக் கையில் சிக்கியது. மூன்று வருஷமாக நான் நட்சத்திரத்தின் விசேஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, என் முதல் மாதத்தின் தடுமாற்றம். நான் அழுதேன். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் டிவியை அணைத்தான்.

திங்கட்கிழமை குழுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பழைய படத்தையும் புதுப் படத்தையும் காட்டினேன். காய்கறிப் பெயர்களைக்கூட மறைக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற எழுதினோம். கருத்தரங்கில் என் பேச்சு போயிற்று. மூன்று வருஷம் கேட்க இனி கையில் ஒன்றுமில்லை. மேலதிகாரிகளிடம் பேசி ஆறு மாதம் மட்டும் வாங்கித் தந்தார், நாற்பதும் ஒன்றுபோல இருக்கின்றன என்று புதிதாக எழுதி முடிப்பதற்காக. அதுவும் ஒரு முடிவுதான் என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தப் பழங்காலத்திலேயே பாயசம் நன்றாகக் கிளறப்பட்டிருக்கிறது, நான் பார்த்த டம்ளர்கள் எல்லாவற்றிலும் முந்திரி சமமாக விழுந்திருக்கிறது. யார் கிளறியது, எப்படி அவ்வளவு சீக்கிரம் என்று இப்போது இன்னொரு அரிப்பு தொடங்கியிருக்கிறது. ஆனால் அதற்கு யாரும் மூன்று வருஷம் தரமாட்டார்கள்.

அண்ணி கடையில் எப்படிச் சமாளித்தார் என்று பிறகு ஒருநாள் போனபோது பார்த்தேன். வாடிக்கையாக வரும் ஒரு அம்மா, "அந்த ஸ்டார் என்னாச்சு?" என்று கேட்டார். அண்ணி வளையலை இயந்திரத்துக்குள் வைத்துவிட்டு, "திரும்ப டெஸ்ட் பண்ணோம் ஆன்ட்டி. எல்லா ஸ்டார் மாதிரிதான் இருக்கு" என்றார். பண்ணோம் என்றார்.

புதுக் கட்டுரைக்குப் படம் வரைந்தபோதுதான் அதைக் கவனித்தேன். என் அளவுகளின் அட்டவணையில் நாற்பத்தோரு வரிகள் இருந்தன. நாற்பதுதானே நட்சத்திரம் என்று இரண்டு தடவை எண்ணினேன். படத்தில் ஒரு புள்ளி இன்னொன்றின்மேல் அச்சாக உட்கார்ந்திருந்ததால் கண்ணில் படவில்லை. ஒன்று புடலங்காய். இன்னொன்று தெங்கிரி. இரும்பும் அதே, யூரோப்பியமும் ஏறக்குறைய கடைசி இலக்கம்வரை அதே.

அண்ணி அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கடையில் கை நிலையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே நகையை இரண்டு தடவை வைப்பார்களோ, அந்த வழக்கத்தில் செய்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"அண்ணி, நாலு நாலு ஒண்ணு ஏழை ரெண்டு தடவை போட்டீங்களா?"

கத்தி நின்றது.

"ஆமா."

"ஏன்? செக் பண்ணவா?"

"செக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒரு தடவை உன் கை தவறிட்டாலும் இன்னொரு தடவை நல்லா வந்துடும்னு நினைச்சேன். ரெண்டு சான்ஸ் இருக்கட்டுமேன்னு போட்டேன். நீ போயிடுவியேன்னு பயமா இருந்துச்சுலா."

என் புது அளவை மற்றவர்கள் நம்புவதற்குக் காரணமே அந்த இரண்டாவது அளவுதான். அது இல்லாவிட்டால் இந்தத் தடவையும் கை தவறியிருக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், நானே முதலில் சொல்லியிருப்பேன். அவர் எனக்காகத் திறந்து வைத்த கதவுதான் கடைசிக் கதவையும் சாத்தியது. இதை அவரிடம் சொல்லவில்லை. மீதி வெங்காயத்தை வாங்கி நான் நறுக்கினேன்.

ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு மீதி இருக்கிறது. கட்டுரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் நாலாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் வருகிறது: ஒரு நட்சத்திரம், அளப்பவருக்குத் தெரியாமல், இரண்டு முறை வைக்கப்பட்டது, இரண்டு அளவுகளும் ஒத்துப்போயின. படித்துப் பார்த்தவர்கள் அந்த ஏற்பாட்டைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். வைத்தவர் யார், எதற்காக வைத்தார் என்று எழுத அதில் இடம் இல்லை.